முகம் பார்க்கும் கண்ணாடி

[திரையில்: குளியலறைக் கண்ணாடி, தலை வாரும் ஒருவர்]

முகம் பார்க்கும் கண்ணாடி என்றால் நமக்குத் தெரிந்தது இதுதான். நம் முகத்தை நமக்கே காட்டும். இன்று பார்க்கப்போவது வேறொரு கண்ணாடி. அது நம் முகத்தைப் பார்த்து, நம் பெயரை இன்னொருவரிடம் சொல்லிவிடும்.

[திரையில்: ரயில் நிலையக் கூட்டம்]

2018 பிப்ரவரி. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள ஜெங்ஜோ கிழக்கு ரயில் நிலையம். வசந்த விழாவுக்கு ஊர் திரும்புகிற கூட்டம். பொங்கலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் நின்ற காவலர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு கேமரா. அது கையடக்கக் கருவி ஒன்றோடு இணைக்கப்பட்டிருந்தது. தேடப்படுவோரின் பட்டியல் அந்தக் கருவிக்குள்ளேயே இருந்தது. 10,000 பேர் கொண்ட பட்டியலில் ஒருவரைக் கண்டுபிடிக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும் என்றது கண்ணாடியைச் செய்த எல்எல்விஷன் நிறுவனம். தேடப்பட்ட 7 பேரும், போலி அடையாள அட்டையோடு வந்த 26 பேரும் பிடிபட்டதாகச் சீன ஊடகங்கள் எழுதின. எத்தனை பேரைத் தவறாக நிறுத்தினார்கள் என்ற கணக்கு அந்தச் செய்திகளில் இல்லை.

அந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று புரிய, கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

[திரையில்: ஒரு முகம், அதன் மேல் புள்ளிகள், பிறகு எண்களின் வரிசை]

கேமராவில் விழுந்த முகத்தை அது எண்களின் ஒரு நீண்ட வரிசையாக மாற்றுகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் அப்படி ஒரு வரிசை முன்பே தயாராக இருக்கும். இரண்டும் எவ்வளவு நெருங்கிவருகின்றன என்று பார்த்து ஒரு மதிப்பெண் போடுகிறது. அவ்வளவுதான். "இவர்தான் அவர்" என்று கருவி சொல்வதே இல்லை. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மணி அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். டெல்லி காவல்துறை 80 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தினால் சரியான பொருத்தமாக எடுத்துக்கொள்கிறது என்பது 2022-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதிலில் தெரியவந்தது. ஏன் 80? ஏன் 95 இல்லை? எந்தச் சட்டத்திலும் அந்த எண் இல்லை.

[திரையில்: கால்பந்து அரங்கம்]

2017-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி நடந்தது. அங்கே முக அடையாளக் கேமராக்கள் 2,470 முறை எச்சரித்தன. அவற்றில் 2,297 தவறு. கூட்டத்தில் தேடப்படுபவர் ஒரு கைப்பிடி, மற்றவர்கள் கடல்போல. கருவி ஆயிரத்தில் ஒரு முகத்தில் மட்டும் தவறினாலும், அந்தக் கடலில் தவறுகளே மிகுதியாகத் தெரியும். அந்தத் தவறும் எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-இல் 189 முக அடையாள நிரல்களைச் சோதித்தது. இரண்டு படங்களை ஒப்பிடும் சோதனையில், பல நிரல்கள் வெள்ளையரைவிட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களில் 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகத் தவறான பொருத்தம் காட்டின.

இதெல்லாம் கம்பத்தில் மாட்டிய கேமராவுக்கும் பொருந்துமே, கண்ணாடியில் தனியாக என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்.

கம்பத்துக்கு ஓர் இடம் உண்டு. கார்டிஃப் நகரம் அடங்கிய சவுத் வேல்ஸ் பகுதியின் காவல்துறை முகக் கேமரா பயன்படுத்தியதை எதிர்த்து ஒரு குடிமகன் வழக்குப் போட்டார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பயன்பாடு சட்டப்படி செல்லாது என்றது. முக்கியக் குறைகளாக நீதிபதிகள் சுட்டியவை இரண்டு: பட்டியலில் யாரை வைப்பது, கேமராவை எங்கே வைப்பது. இரண்டும் காவலர்களின் விருப்பத்துக்கு அளவுக்கு மீறி விடப்பட்டிருந்தன. கேமராவைக் கண்ணாடியில் பொருத்திவிட்டால் 'எங்கே' என்ற கேள்வி கரைந்துபோகிறது. காவலர் போகிற தெரு, டீக்கடை, ஆர்ப்பாட்டம், வழிபாட்டுத் தலம், விசாரணைக்காக நுழைகிற வீட்டின் கூடம்கூட அந்த 'எங்கே'தான்.

[திரையில்: சீருடையின் மார்பில் கேமரா]

மார்பில் அணியும் கேமராவின் கதை இன்னும் விசித்திரம். 2014-இல் ஃபெர்குசன் நகரில் ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக்கொன்ற பிறகுதான் அமெரிக்காவில் அது வேகமாகப் பரவியது. காவலர் என்ன செய்கிறார் என்று மக்கள் பார்ப்பதற்காகக் கேட்டு வாங்கிய கேமரா அது. அதில் முக அடையாளம் சேர்க்க வேண்டாம் என்று 2019-இல், அந்தக் கேமராவைத் தயாரிக்கும் ஆக்சான் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு சொன்னது; நிறுவனமும் ஏற்றது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் தடைக்கு ஆயுள் மூன்றே ஆண்டு. 2023 பிறந்ததும் காலாவதியானது. 2025 டிசம்பரில் கனடாவின் எட்மண்டன் காவல்துறை, அதே ஆக்சானின் கேமராவில் சுமார் 7,000 பேர் கொண்ட பட்டியலை வைத்துச் சோதனையைத் தொடங்கியது. சோதனையில் காவலருக்கு உடனடி எச்சரிக்கை போகாது, பிறகு நிலையத்தில்தான் ஆராய்வார்கள் என்றார்கள். சோதனை முடிந்த பிறகும் இந்தக் கட்டுப்பாடு நீடிக்குமா என்பதைக் கவனிக்க வேண்டும்.

காவலர் கூடவே கொண்டுபோகும் முக அடையாளக் கருவி நம் ஊரில் இப்போதைக்குப் பெரும்பாலும் கைபேசி, டேப்லெட் அளவில் இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தது. ரோந்து போகும் காவலர் வழியில் ஒருவரைப் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

[திரையில்: முகக்கவசம் அணிந்த மனிதர், எதிரே உயர்த்திப் பிடித்த டேப்லெட்]

கடைசியாக ஒரு காட்சி. 2021 மே, கொரோனா ஊரடங்குக் காலம், ஹைதராபாத். சமூகச் செயற்பாட்டாளர் ஒருவரைப் போலீஸார் தெருவில் நிறுத்தி முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஆனாலும் படமெடுத்தார்கள். எதற்காக எடுத்தீர்கள், அந்தப் படம் எங்கே போகும் என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். பிறகு தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவரால் மறுக்க முடிந்தது, வழக்கும் போட முடிந்தது. காரணம், தன்னைப் படமெடுத்ததை அவர் கண்ணால் பார்த்தார். போலீஸார் அன்று டேப்லெட்டை உயர்த்த வேண்டியிருந்தது. கண்ணாடி அணிந்திருந்தால் அவரை நிறுத்தவே வேண்டியிருந்திருக்காது.