மேகத்துக்குள் 130 கோடி வோல்ட்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

விண்வெளியிலிருந்து பூமியை நோக்கிப் பாய்ந்து வரும் துகள்களான காஸ்மிக் கதிர் என்றதும் பலருடைய மனம் விண்மீன் வெடிப்பு, கருந்துளை என்று வெகுதூரம் போய்விடுகிறது. நான் இன்று அவ்வளவு தூரம் உங்களை அழைத்துப் போகப் போவதில்லை. அந்தக் கதிர்களை வைத்து ஊட்டிக்கு மேலே நின்ற ஓர் இடிமேகத்தை அளந்தார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1912 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறினார். உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடியது. அது மேலிருந்துதான் வருகிறது என்று தெளிவானது. பெரும்பாலும் புரோட்டான்களான இந்தக் கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் காற்றின் அணுக்கருக்களில் மோதித் துகள் மழையாகச் சிதறுகின்றன. அந்த மழையில் தரைவரை தாக்குப்பிடித்து வருபவை முக்கியமாக மியூவான்கள், அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள். உள்ளங்கையை விரித்து நீட்டிப் பாருங்கள். ஏறத்தாழ வினாடிக்கு ஒன்று அதைத் துளைத்துக்கொண்டு போகிறது.

ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஒரு மியூவான் தொலைநோக்கி உண்டு. லென்ஸ், கண்ணாடி எதுவும் அதில் கிடையாது. 6 மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள், மொத்தம் 3,712. ஒவ்வொரு குழாயிலும் வாயு, நடுவில் உயர் மின்னழுத்தம் கொடுத்த மெல்லிய கம்பி. மியூவான் கடக்கும்போது வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடும். அவை கம்பியை நோக்கிப் பாய்ந்து, பாயும் வழியிலேயே பெருகி, ஒரு மின்துடிப்பாகப் பதிவாகும். குழாய்களை நான்கு அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்திருக்கிறார்கள். எந்தெந்தக் குழாய் துடித்தது என்று பார்த்தால் மியூவான் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். மேலே கனத்த கான்கிரீட். வலு குறைந்த துகள்கள் அதிலேயே நின்றுவிடும்.

இப்படி ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறார்கள். இவ்வளவு எண்ணுவதால்தான் மிகச் சிறிய மாற்றமும் தப்பாமல் தெரிகிறது.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் இடியுடன் மழை. தொலைநோக்கியின் ஒரு பக்கத்து வானத்தில் மட்டும் மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. 18 நிமிடம் அப்படியே இருந்தது. 2 சதவீதம்தானே, கருவிக் கோளாறாக இருக்கும் என்று ஒதுக்கிவிட எவ்வளவு எளிது! அவர்கள் ஒதுக்கவில்லை. மின்புலத்தை அளக்கும் கருவிகளையும் சுற்றுவட்டாரத்தில் முன்பே வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

சரி, மேகம் எப்படி மியூவானைக் குறைக்கும்? மியூவானில் நேர்மின், எதிர்மின் என்று இரண்டு வகை. வருபவற்றில் நேர்மின் மியூவான்களே அதிகம். மேகத்தின் மின்புலம் ஒரு வகையின் ஆற்றலைக் கூட்டும், மறு வகையின் ஆற்றலைக் குறைக்கும். அன்று நேர்மின் மியூவான்கள் ஆற்றலை இழந்தன. கான்கிரீட்டைத் தாண்ட முடியாமல் போனவை அதிகமாயின, மொத்தக் கணக்கும் இறங்கியது. எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் 2 சதவீதம் இறங்கும் என்று கணினியில் கணக்கிட்டார்கள். விடை 130 கோடி வோல்ட். 2019-இல் வெளியிட்டார்கள்.

அதற்கு முன் பலூன்களை மேகத்துக்குள் அனுப்பி அளந்ததில் கிடைத்த உச்சம் சுமார் 13 கோடி வோல்ட். பலூன் தான் போகும் பாதையை மட்டும்தான் அறியும், அதுவும் மெதுவாக ஏறும். அது மேலே போய்ச் சேர்வதற்குள் மேகமே மாறிவிடும். மியூவான்கள் மேகத்தை மேலிருந்து கீழாக ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகின்றன. துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறை என்ற கருவியைக் கண்டுபிடித்த சி.டி.ஆர். வில்சன், இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவுக்கு அழுத்தம் இருக்கலாம் என்று 1929-லேயே சொல்லியிருந்தார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு அளவீட்டுச் சான்று நீலகிரியிலிருந்து வந்தது. சொல்லும்போதே எனக்குப் பூரிப்பாக இருக்கிறது.

அப்புறம், இதனால் இன்னொரு புதிருக்கும் வழி பிறக்கிறது. இடிமேகங்களிலிருந்து, எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிக்க காமா கதிர் கணநேரம் பளிச்சென்று கிளம்புவதை 1994-இல் செயற்கைக்கோள் தரவுகளில் கண்டார்கள். காமா கதிர் உருவாக எலக்ட்ரான்கள் மிகப் பெரிய வேகம் பெற வேண்டும். வெறும் நீரும் பனித்துளியும் சேர்ந்த மேகத்துக்கு அந்த வலு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. 130 கோடி வோல்ட் இருந்தால் அது முடியும்.