பூட்ஸ் தைத்த ஊரில் எடுத்த படம்

வணக்கம் நேயர்களே. இன்று நான் பேசப்போவது 2005இல் வந்த 'கிங்கி பூட்ஸ்' என்ற இங்கிலாந்துச் சிரிப்புப் படத்தைப் பற்றி. நம் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நேயர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வில்லோட்டனிலோ ம்கொண்டேனியிலோ ஷூ தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்த அக்காமாரும் மாமாமாரும் வீட்டில் இருந்தால், அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தப் படத்தைப் பாருங்கள்.

கதை இதுதான். அப்பா இறந்ததும் சார்லி பிரைஸ் கைக்கு ஒரு ஷூ தொழிற்சாலை வருகிறது. ஆர்டர் இல்லை, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. அந்த நேரத்தில் லண்டனில், பெண் வேடம் கட்டி மேடையில் பாடும் லோலாவைச் சந்திக்கிறான். பெண்களுக்கென்று செய்த பூட்ஸின் குதிகால் ஆணின் எடை தாங்காமல் ஒடிகிறது. சரி, தாங்குகிற மாதிரி நாம் செய்து கொடுத்தால் என்ன? லோலாவாக சிவெட்டெல் எஜியோஃபோர் வெளுத்துக்கட்டியிருக்கிறார்.

இது முழுக்கக் கற்பனை இல்லை. நார்தாம்ப்டன்ஷயரில் ஏர்ல்ஸ் பார்ட்டன் என்று ஒரு கிராமம். அங்கே ஸ்டீவ் பேட்மன் என்பவரின் குடும்பத்துக்கு ஆண்களுக்கான ஷூ செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஃபோக்ஸ்டனில் இருந்த ஒரு கடை, ஆண்களின் அளவில் பெண்கள் பூட்ஸ் கிடைக்குமா என்று கேட்டது. அவரும் துணிந்து இறங்கினார். விளம்பரப் புத்தகத்துக்குக் காலை மழித்துக்கொண்டு தானே பூட்ஸ் மாட்டி நின்ற மனுஷன்! 1999இல் பிபிசி இதை ஆவணப்படமாகக் காட்டியது. அதைப் பிடித்துத்தான் ஜெஃப் டீனும் டிம் ஃபர்த்தும் திரைக்கதை எழுதினார்கள். லோலா அவர்கள் சேர்த்த ஆள்.

படப்பிடிப்புக்குத் தொழிற்சாலை வேண்டுமே. இயக்குநர் ஜூலியன் ஜாரல்டின் குழு நார்தாம்ப்டன் நகரத்தின் டிரிக்கர்ஸ் தொழிற்சாலைக்குப் போனது. 1829இல் தொடங்கிய நிறுவனம்; இன்றும் அங்கே ஷூ தைக்கிறார்கள். படத்தில் 'பிரைஸ் அண்ட் சன்ஸ்' என்று வருகிற கட்டடம் அதுதான். என் கணக்கில் இந்தப் படத்தின் நல்ல நடிகர் அந்தக் கட்டடமே. தோலைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிற கிளிக்கிங், மேல்பாகத்தைத் தைக்கிற குளோசிங், அச்சுக்கட்டையில் இழுத்துப் பொருத்துகிற லாஸ்டிங் எல்லாம் நம் ஊர்த் தொழிற்சாலைகளிலும் இதே பேர்தான். குளோசிங்கில் மெஷினுக்குக் குனிந்த பெண்கள் வரிசையைப் பார்த்தால், நார்த்டேலிலிருந்து விடிகாலை பஸ் பிடித்துப் போன நம் அத்தைமார் நினைவு வராமல் இருக்காது. அப்புறம் அந்த மெஷின் சத்தம், மேஜைமேல் குவிந்த தோல் துண்டு! செட் போட்டு எடுத்திருந்தால் இவ்வளவு அழுக்கு வந்திருக்காது.

முடிவுதான் எனக்கு ஒட்டவில்லை. சினிமாவில் மிலான் கண்காட்சியில் பூட்ஸ் ஜெயித்து, தொழிற்சாலை பிழைத்துக்கொள்கிறது. பேட்மனின் தொழிற்சாலையிலோ 2000த்தோடு வேலை நின்றுபோனது. கேமரா வந்த நேரத்தில் கதை நடந்த இடத்தில் ஓட மெஷின் இல்லை. மலிவு இறக்குமதியின் அடி அங்கே மட்டுமா விழுந்தது? 1994க்குப் பிறகு இங்கே இறக்குமதி வரி இறங்கியது, வெளிநாட்டு ஷூ வந்து குவிந்தது, மாரிட்ஸ்பர்க்கில் எத்தனை வீட்டில் சம்பளக் கவர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். நம்மைத் தேடி எந்த லோலாவும் வரவில்லை.

கதை அதோடு ஓயவில்லை. சிண்டி லாப்பரின் பாட்டுகளோடு மேடை நாடகமாகி, 2013இல் ஆறு டோனி விருது வாங்கியது. 2019இல் கேப்டவுனுக்கும் வந்தது, ஃபுகார்ட் அரங்கில். மேடையில் பாட்டும் ஆட்டமும் ஜோர்தான். ஆனால் தோல் வெட்டுகிற கையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் படத்தைத்தான் போட வேண்டும்.