குளத் தோம்பு: நமது சங்கத்தின் முதல் வேலை

(வடக்கின் நகரத் திட்டமிடலாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைக்க யாழ்ப்பாணத்தில் கூடியபோது ஆற்றிய உரை)

பேரன்புக்குரிய தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகர முதல்வர் அவர்களே, நகர சபை, பிரதேச சபைத் தவிசாளர்களே, மாவட்டச் செயலகத்தின் திட்டமிடல் அதிகாரிகளே, பல்கலைக்கழகப் பேராசிரியப் பெருமக்களே, நில அளவையாளர்களே, பொறியியலாளர்களே, கதிரை கிடைக்காமல் கதவடியில் நிற்கிற மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். மங்கல விளக்கை ஏற்றிவைத்த ஓய்வுநிலை அதிபர் அம்மா அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இங்கிருக்கிற திட்டமிடலாளர் சிலர் வரைபடத் தாளில் முதற்கோடு இழுத்தது அவரது வகுப்பறையில்தான். எனக்கு முன் பேசிய முதல்வர் அவர்கள் வடிகால் பற்றிச் சொன்னதை நான் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த வாக்கு இந்தச் சபையில் நிற்கட்டும்.

இந்தச் சங்கத்துக்கு ஐந்து குறிக்கோள்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ஒன்று, குளங்களுக்கும் வெள்ளவாய்க்கால்களுக்கும் ஒரு பதிவேடு, அதாவது ஒரு குளத் தோம்பு. இரண்டு, தொழில் ஒழுக்கக் கோவை. மூன்று, மொறட்டுவையில் நகரத் திட்டமிடல் படித்து வரும் நமது பிள்ளைகளுக்கு இங்கேயே வேலையும் பயிற்சியும். நான்கு, திட்டங்களைத் தமிழில் மக்கள் முன் வைப்பது. ஐந்து, பேருந்து நிலையம், சந்தை, நடைபாதை எல்லாம் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாய் இருப்பது. ஐந்தும் வேண்டியவை. ஆனால் ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்று நமது பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஆகவே முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

நமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறுகூட மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடும். காலுக்குக் கீழே சுண்ணக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. கடல் உப்புநீரின் மேல் நன்னீர் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. கணக்கை மறுபக்கமாகப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும்? குளத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் அந்த ஒரு அடியைக் காக்கிறது. குளத்தை மூடுகிறவர் பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்தே மூடுகிறார். மிஞ்சுகிற கிணறுகளிலும் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் கலந்து, பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டி நிற்கிறது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம் வந்துவிட்டதே என்பார்கள். வரவேற்கிறேன். ஆனால் நமது வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் கிணற்றை நம்பித்தானே நிற்கின்றன?

பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடல் அறிஞரை இங்குள்ள மாணவர்கள் படித்திருப்பீர்கள். 1914 இல் சென்னைக்கு வந்தவர். தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தவர். 1921 இல் கொழும்புக்கும் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தவர். நுளம்பு பெருகுகிறது, குளத்தைத் தூர்த்துவிடுவோம் என்று அதிகாரிகள் கிளம்பிய காலத்தில், குளத்தைத் துப்புரவாக்கி மீனையும் தாராவையும் விடுங்கள் என்று சொன்னவர் அவர். நூறு வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் தூர்ப்பதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் நல்ல குடும்பம். வெளிநாட்டில் இருபது வருடம் உழைத்துவிட்டு வந்து, மூன்று பரப்புக் காணி வாங்கி, இரண்டு மாடி வீடு கட்டினார்கள். கிரவல் கொட்டி நிலத்தை உயர்த்தி, சுற்றிவர மதில். வைகாசியில் குடிபூரல் நடந்தது. கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். வீட்டுக்காரர் பின்மதிலை உடைத்தார். தண்ணீர் அடுத்த வளவுக்குள் போனது. அவர்கள் தங்கள் வேலியை வெட்டிவிட்டார்கள், அதற்கடுத்த வீட்டில் ஆடுகள் கட்டிலில் ஏறி நின்றன. விடியமுன்னம் ஒழுங்கை முழுக்கச் சண்டை. காலையில் ஒன்பது வீட்டுக்காரரும் பிரதேச சபை வாசலில்.

சபையிலிருந்து போன குழுவோடு நானும் போனேன். வரைபடத்தை விரித்தோம். அதில் வாய்க்கால் எதுவும் இல்லை. ஒழுங்கை முடக்கில் ஒரு ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றா. எண்பது வயதுக்குக் குறையாது. ‘என்ன தம்பியவை, தாளில தண்ணி தேடுறியளே? என்னோட வாங்கோ’ என்றா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினா. நாங்கள் பின்னால். ‘இதில ஒரு மதகு இருந்தது. இதில எங்கட மாடு விழுந்து அப்பு இறங்கித் தூக்கினவர். இந்தப் பூவரசு வாய்க்கால் வரம்பில நிண்டது.’ குளத்தடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வளவாகக் காட்டிக்கொண்டே போனா. கடைசியில் அந்த மாடி வீட்டுக்குள் ஏறி, கூடத்தைக் கடந்து, சாமியறை வாசலில் நின்று பொல்லால் நிலத்தில் தட்டினா. ‘இதுக்குக் கீழதான் வாய்க்கால். உந்த வீட்டுக்க தண்ணி வரேல்லைத் தம்பி. தண்ணியின்ர வழியில உந்த வீடுதான் வந்து நிக்குது.’ ஒன்பது வீட்டாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு காணி உறுதிகளை எடுத்துப் பார்த்தோம். பழைய உறுதியில் வடக்கு எல்லை வாய்க்கால் என்றே எழுதியிருந்தது. அடுத்த கைமாற்றத்தில் அது ஒழுங்கை ஆனது. கடைசி உறுதியில் பக்கத்துக் காணிக்காரரின் பெயர் மட்டும். மூன்று கையெழுத்தில் ஒரு வாய்க்கால் காணாமற் போனது. இதில் வீட்டுக்காரர் செய்த பிழை என்ன? அவர் உறுதி பார்த்து, அனுமதி எடுத்து, காசு கட்டித்தான் வீடு கட்டினார். 1995 ஐப்பசியில் போர் துரத்த வலிகாமமே எழுந்து நடந்தது. சில ஊர்களுக்குள் பல்லாண்டுகள் கால்வைக்க முடியவில்லை. திரும்பி வந்தவர்களில் வாய்க்காலைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? 2008 இல் நிஷா புயல் குடாநாட்டை நனைத்தபோது வெற்றுத் தரவையாகக் கிடந்த இடங்களிலே இன்று மதில்கள் நிற்கின்றன. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்களே, வெள்ளம் எந்த வழியால் வரும் என்று தெரியாமல் அணையை எங்கே போடுவது?

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். 1946 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. ஆனால் வயற்குளம் கமநலத் திணைக்களத்துக்கு, ஊர்க்குளம் பிரதேச சபைக்கு, கேணி கோயிலுக்கு, பெருந்தெரு மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. இந்த எல்லோரையும் ஒரு மேசையில் இருத்த, எந்த அலுவலகத்தையும் சாராத ஒரு தொழில்சார் சங்கத்தால் முடியும். இந்தச் சங்கம் வேண்டும் என்று நான் வாதாடுவது அதற்காகத்தான்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி வாங்குவதற்காக நமது காணிகளைத் தோம்பு எழுதினார்கள். நாங்கள் தண்ணீருக்காக ஒரு தோம்பு எழுதுவோம். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள், 17 உள்ளூராட்சி மன்றங்கள். ஒவ்வொரு பிரிவிலும் குளம், கேணி, பொதுக்கிணறு, வெள்ளவாய்க்கால், மதகு எல்லாவற்றையும் நடந்து அளந்து எழுத வேண்டும். ஊரில் மூத்தவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஆச்சியின் வயதுக்காரர் இன்னும் எத்தனை மாரி இருப்பார்கள்? அளந்த எல்லையில் கல் நட வேண்டும். வரைபடம் பிரதேச சபைச் சுவரில் தமிழில் தொங்க வேண்டும். கட்டட அனுமதி கேட்டு வருகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும். காணி வாங்குமுன்னம் பார்த்தால் இன்னும் நல்லது.

தொழில் ஒழுக்கக் கோவையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். தோம்பில் உள்ள வாய்க்காலை மறைத்து வரைபடம் கீறிக் கொடுப்பவர் இந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. அதை முதல் விதியாக எழுதுங்கள். மற்றைய குறிக்கோள்களைப் பற்றிச் செயலாளர் அவர்கள் தமது அறிக்கையில் விரிவாக எழுதியிருக்கிறார். பின்நேர அமர்வில் அவை பேசப்படும்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றால், நமக்கு இருப்பது அடுத்த ஐப்பசி வரைக்குமான அவகாசம். ஆகவே தலைவர் அவர்களே, குளத் தோம்பு எழுதுவதைச் சங்கத்தின் முதல் தீர்மானமாகச் சபையின் முன் வைக்குமாறு வேண்டுகிறேன். தீர்மானம் நிறைவேறினால் இந்த மேசையில் ஒரு பதிவுத்தாள் இருக்கிறது. மதிய உணவுக்குப் போகுமுன்னம் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும், தாங்கள் நடந்து அளக்கப்போகிற கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து எழுதலாம். வணக்கம்.