ஊர் வாயும் உலைமூடியும்

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் வேலையைப் பாதியாக்கிய பேராசிரியர் அம்மா அவர்களே, உடல்நிலை சரியில்லாதபோதும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் திரைப்படச் சங்கத்தின் மூத்த புரவலர் அவர்களே, திரையும் விளக்கும் தந்து உதவிய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வயது வித்தியாசம் அதிகமுள்ள காதலைத் திரைப்படம் எப்படிப் பார்த்தது என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயங்கள் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, கதை. இரண்டு, இசை. மூன்று, ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்பது.

'ஊர் வாயை மூட உலைமூடி ஏது?' என்பார்கள். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் காதலர்களுக்கு எதிரே நிற்பது அந்த ஊர் வாய்தான்.

1975இல் பாலசந்தர் 'அபூர்வ ராகங்கள்' எடுத்தார். இளைஞன் தன்னைவிட மூத்த பாடகியை விரும்புகிறான். அந்தப் பாடகியின் மகளோ அவனுடைய தந்தையை விரும்புகிறாள். வளர்ந்த பெண்ணுக்குத் தாயாக நடித்த ஸ்ரீவித்யாவுக்கு அப்போது வயது 22. அந்த இளைஞனாக நடித்த கமல்ஹாசனைவிட ஒன்றரை வயதுகூட மூத்தவர் இல்லை. அந்தக் கண்களில் இருந்த முதிர்ச்சியை நாம் நம்பினோம். ஆனால் கடைசியில் மகள் தாயிடமும் மகன் தந்தையிடமும் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

அதற்கு ஓராண்டு முன்பு, 1974இல், ஜெர்மனியில் பாஸ்பிண்டர் ஒரு படம் எடுத்தார். 'அச்சம் ஆன்மாவைத் தின்கிறது' என்று பொருள்படும் தலைப்பு. எம்மி, அறுபதைத் தொட்ட விதவை, துப்புரவுத் தொழிலாளி. மொராக்கோவிலிருந்து வேலைக்கு வந்த அலி அவளைவிட மிகவும் இளையவன். திருமணம் செய்துகொண்டதைச் சொல்லப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கிறாள். யாரும் பேசவில்லை. ஒரு மகன் எழுந்துபோய் அம்மாவின் டிவியை உதைத்து உடைக்கிறான். பிறகொரு நாள் அதே மகன் டிவிக்குக் காசோலை தந்து, சமாதானமாக வருகிறான். எதற்கு? அவன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும்!

எங்கள் சங்கத்தில் இதைத் திரையிட்ட அன்று நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். விளக்கு போட்டதும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். "ஐயா, நானும் டிவியை உதைத்தவன்தான்" என்றார். அரங்கம் அப்படியே அடங்கிவிட்டது. அவருடைய அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பா, பதினெட்டு வயது இளைய ஒரு பெண்மணியோடு போனில் பேசுவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அவளைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றாராம். மகன் ஒன்றும் சொல்லவில்லை. கை நீட்டி அந்தப் போனை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்பா சாப்பிட்டு முடித்து, தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். "அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை, ஐயா." ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்றார். பாருங்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூட முடியாத வாய்க்குப் பயந்து, பெற்றவர் வாயை மூடிவிட்டோம்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். பொறுத்தருள வேண்டும். இசையைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். மூன்றாவதையும் அப்படியே விடுகிறேன். ஏனென்றால், நான் ஊர் ஊராகச் சொல்லிவரும் விஷயம் இது ஒன்றுதான்: தனித்துப்போன அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மறுமணம் செய்துவைக்கப் பிள்ளைகளே முன்வர வேண்டும். திரையில் பார்த்துக் கண் கலங்குகிறோம், சரி. வீட்டில்?

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். துணை தேடும் பெரியவர்கள் பெயர் எழுதலாம். பிள்ளைகள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. முதல் பக்கத்தின் முதல் பெயர், பீரோவைத் திறந்த அந்த மகன் தன் அப்பாவுக்காக எழுதியது.

நன்றி, வணக்கம்.