14 இன்ச் ஸ்விஃப்ட்டுக்கு 17 இன்ச் அலாய் போடலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருவொற்றியூர்ல இருந்து. "ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. வச்சிருக்கேன், 14 இன்ச் இரும்பு ரிம். 17 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை ரிம்) போட ஆசை. தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி பக்கம்தான் ஓட்டம். டயர் உரசுமா, மைலேஜ் அடிபடுமா?"ன்னு கேட்டிருக்காரு.

கடைசியில சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடறேன். அந்த ரோட்டுக்கு 17 வேணாங்க. 15 போட்டா நிம்மதி. ஆசை விடலன்னா 16, அதுக்கு மேல போகாதீங்க.

ஏன்னு பாருங்க. உங்க டயர் 165/80 ஆர்14. 165 மி.மீ. அகலத்துல 80 சதவீதம்தான் பக்கச்சுவரோட உயரம், அதாவது 132 மி.மீ. மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல 14 இன்ச் ரிம், எல்லாம் கூட்டினா மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. ரிம் எத்தனை இன்ச் ஆனாலும் இந்த 620 மாறக்கூடாது. மாறினா ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டும், வீல் ஆர்ச்சுலயும் இடிக்கும். கம்பெனியே மேல் வேரியன்ட் ஸெட்.எக்ஸ்.ஐ.க்கு கொடுக்கிற 185/65 ஆர்15 எடுத்துக்கங்க, 621. 195/55 ஆர்16, அதுவும் 621. 205/45 ஆர்17 போட்டா 616. விட்டத்துல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா பக்கச்சுவர் என்ன ஆச்சு? 15-ல 120, 16-ல 107, 17-ல வெறும் 92 மி.மீ. 132 இருந்த இடத்துல 40 மி.மீ. ரப்பர் காணாமப் போச்சு.

கன்டெய்னர் லாரி ஓடி ஓடி நம்ம ஏரியா ரோட்டுல விழற பள்ளத்துக்கு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மழை பேஞ்சு தண்ணி நின்னுச்சுன்னா பள்ளம் எங்க இருக்குன்னே தெரியாது. அதுல 50-ல இறங்கினா, அந்த 92 மி.மீ. ரப்பர் ரிம்முக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவுல நசுங்கும். உள்ள இருக்கிற நூல் அறுந்துடும், மறுநாள் பார்த்தா டயர் பக்கத்துல முட்டை மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும். அதை ஒட்டவும் முடியாது, ஓட்டவும் கூடாது. இடிபட்ட டேமேஜுக்கு சாதாரணமா வாரன்டியும் கிடைக்காது.

சரி, 16-னே வச்சுக்குவோம். டயர் 195/55, ரிம் அகலம் 6 ஜே, அதாவது 6 இன்ச், சரியான ஜோடி. லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்வளவு கனம் தாங்கும்ங்கிறதுக்கான நம்பர், பழைய டயர்ல இருந்ததுக்குக் குறையக்கூடாது. 85-னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 87-னா 545. கடையில 'எல்லாம் ஒண்ணுதான் சார்'னு சொன்னாலும் நீங்களே குனிஞ்சு பக்கச்சுவர்ல படிச்சுப் பாருங்க.

பணம் வீணாப் போறது பெரும்பாலும் ஆஃப்செட்ல. ஓட்டை பொருந்துதா, பி.சி.டி. (நட்டு ஓட்டைங்க அமையற வட்டத்தோட விட்டம்) 4-க்கு 100, அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ., சரியான்னு மட்டும் பார்த்து வாங்கிடறாங்க. ஆஃப்செட்ங்கிறது, ரிம்மோட நடு அகலத்துல இருந்து ஹப்ல (வண்டியில சக்கரம் மாட்டற நடுப்பகுதி) உட்கார்ற முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்குங்கிற அளவு. ரிம்முக்குப் பின்னாடி ஈ.டி.னு அச்சடிச்சிருக்கும். உதாரணத்துக்கு 5 ஜே, ஈ.டி. 40 ரிம்மைக் கழட்டிட்டு 6 ஜே, ஈ.டி. 38 போடறீங்க. வெளிப்பக்கம் 15 மி.மீ. பிதுங்கும், உள்பக்கம் 11 மி.மீ. ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) பக்கம் போகும். இதே 6 ஜே ஈ.டி. 25-னா வெளியே 28 மி.மீ. வந்துடும். பின்சீட்ல மூணு பேர் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கர் ஏறினா ஃபெண்டர் டயரைச் சீவும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வீலை மாட்டிப் பாருங்க. முதல்ல முன்னாடி. ஜாக்கை இறக்கி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிங்க. ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவுல சுண்டுவிரல் தாராளமா போகணும். அப்புறம் பின்னாடி மாட்டி, டயர் தோள்ல சாக்பீஸை நல்லா தேய்ச்சுட்டு, ஆளுங்களை ஏத்தி ஒரு ஸ்பீட் பிரேக்கர் மெதுவா ஏறி இறங்குங்க. வீல் ஆர்ச் லைனர்ல வெள்ளைக்கோடு விழுந்திருந்தா அந்த ரிம் உங்களுக்கு இல்ல. 'ஸ்பேசர் போட்டுக்கலாம்', 'ஃபெண்டரை மடிச்சுக்கலாம்'னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஸ்பேசர்ங்கிறது ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல வைக்கிற தட்டு, அதைப் போட்டா நட்டு பிடிக்கிற போல்ட் நீளம் குறையும். நட்டை கையால திருகினா குறைஞ்சது ஒன்பது பத்து சுத்து ஏறணும், அஞ்சாறு சுத்துலயே முட்டி நின்னா ஓட்டாதீங்க.

நட்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஸ்விஃப்ட்டுக்கு எம்12 (12 மி.மீ. தடிமன்), 1.25 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. ஹூண்டாய்க்கு எம்12, 1.5. பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். கலந்து கிடந்த டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்து ஏர் கன்ல ஒரு அழுத்து அழுத்தினா ஸ்டட் (ஹப்ல இருக்கிற போல்ட்) மரை மொத்தமா போயிடும். முதல் மூணு சுத்து கையாலதான் ஏறணும், கடைசி டைட் டார்க் ரென்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டற ஸ்பேனர்), மேனுவல்ல சொன்ன அளவுக்கு. 50, 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க.

'பேலன்சிங் ஜீரோ காட்டுது, ஆனா 80 தாண்டினா ஸ்டீயரிங் ஆடுது'ன்னு நிறைய பேர் எழுதறீங்க. வெளி ரிம் போட்டிருந்தா அது பெரும்பாலும் ரிம்மோட நடு ஓட்டை பிரச்சினை. ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ., வெளி மார்க்கெட் ரிம்ல 73.1 கூட இருக்கும். பேலன்சிங் மெஷின் ரிம்மை நடு ஓட்டையில கூம்பு வச்சுப் பிடிக்குது, அதனால அங்க சரியா காட்டும். வண்டியில நட்டுதான் பிடிக்குது, அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலும் ஆட்டம்தான். அந்த இடைவெளியை அடைக்க 73.1-க்கு 54.1 ஹப் ரிங் நாலு வாங்கிப் போடுங்க. நம்ம பக்கம் கடல் காத்து, அலுமினிய ரிங் ஹப்போட ஒட்டிக்கும். பிளாஸ்டிக் ரிங்கே போதும். இதே உப்புக்காத்துக்காகத்தான் டைமண்ட் கட் ஃபினிஷ் (முகப்பைக் கடைஞ்சு மின்ன வச்சது) வேணாம்கிறேன். மேல இருக்கிற லேக்கர் பூச்சுல ஒரு கல் பட்டா, அடியில வெள்ளை பூத்து படர்ந்துக்கிட்டே போகும். சாதா பெயின்ட் ஃபினிஷ் உழைக்கும்.

மைலேஜ் கேட்டிருந்தீங்க. 'அலாய்னா லேசு'ங்கிறது எப்பவும் உண்மை இல்ல. பெரிய சைஸ் வார்ப்பு ரிம் உங்க 14 இன்ச் இரும்பை விட கனமாவே இருக்கலாம். டயரோட சேர்த்து ரெண்டையும் தராசுல ஏத்திப் பாருங்க. கனம் ஏறினா சிக்னல் சிக்னலா நின்னு கிளம்பற ஓட்டத்துல பெட்ரோல் கண்டிப்பா கூடும்.

சட்டத்தையும் சொல்லிடணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரைக்கும் போகலாம், ஜெயிலும் இருக்கு. 185/65 ஆர்15 உங்க மாடலோட மேல் வேரியன்ட்லயே வர்ற சைஸ், இன்சூரன்ஸ்காரர்கிட்டயும் வாதாட வேண்டியதில்ல. நான் 15-னு சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்டெப்னி பழைய 14-ஏ இருக்கட்டும், விட்டம் ஒண்ணுங்கிறதால அவசரத்துக்கு ஓடும். ஆனா அலாயோட வந்த நட்டு இரும்பு ரிம்ல சரியா உட்காராம போகலாம். பழைய நட்டுல நாலை ஒரு கவர்ல கட்டி ஸ்டெப்னி குழியிலயே போட்டு வைங்க.