சாக்பீஸ் கோடு

நடுவர் அவர்களே, கோபிசெட்டிபாளையத்துப் பெரியோர்களே, வணக்கமுங்க. ‘முன்னேற வழி சிலவற்றில் முழு மூச்சா, எல்லாவற்றிலும் கவனமா?’ என்பது தலைப்பு. சிலவற்றில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒன்பது கருத்துகளை அடுக்கினார். தோப்புக்குள் ஊடுபயிர், கட்டுத்தரையில் மாடு, புறக்கடையில் கோழி என்று பலதையும் வைத்ததால்தான் கொங்கு விவசாயி பிழைத்தான் என்றார். கைதட்டலும் வாங்கினார்.

வைத்திருந்தது உண்மைதான் அக்கா. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மெனக்கெட்டானா? 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் கிணற்றில் மோட்டார் போட்டால் அரை மணி நேரத்தில் காற்றுதான் வரும். அப்பா மரத்துக்கு ஒரு குடம் என்று பங்கு வைக்கவில்லை. மரம் ஏறுகிறவரைக் கூட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றினார். நன்றாகக் காய்க்கிற மரங்களுக்குச் சுண்ணாம்பில் வட்டம் போட்டார். தண்ணீர் அதுகளுக்கு மட்டும். மற்ற மரங்கள் கண் முன்னாலேயே மட்டை தொங்கிப்போயின. அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் அன்றைக்குப் பங்கு வைத்திருந்தால் தோப்பே மிஞ்சியிருக்காது.

சரி, தொழிலுக்கு வருவோம். நாட்டின் செல்வம் ஒரு சிலர் கையில் குவிந்திருப்பதை இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோ கணக்குப் போட்டுக் காட்டினார். பின்னால் ஜோசப் ஜூரான் என்ற தரக் கட்டுப்பாட்டு நிபுணர் அதே கணக்கைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார்: குறைகளில் பெரும்பகுதி ஒரு சில காரணங்களால்தான் வருகிறது என்றார். 80 சதவீதக் குறைகள் 20 சதவீதக் காரணங்களால் வரும் என்பதை 80-க்கு 20 என்பார்கள். அப்படியே அச்சாக இருக்க வேண்டியதில்லை, 70-க்கு 30 என்றும் வரலாம்.

என் மாமா ஜூரானைக் கேள்விப்பட்டதில்லை. திருப்பூரில் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட், அதாவது பனியன் துணி தைக்கிற பட்டறை, வைத்திருந்தார். ஆல்டர் பீஸ், அதாவது குறையோடு வந்து திரும்பச் சரிசெய்ய வேண்டிய துணி, மலையாகக் குவிந்தது. மாமா டெய்லரைத் திட்டுவார், செக்கிங் பெண்களைத் திட்டுவார், பாவம், டெய்லருக்கு உதவிக்கு நிற்கிற கைமடிப் பையனையும் விடமாட்டார். பொறுக்க முடியாத ஒரு செக்கிங் அக்கா, சுவரில் நாலு குறைகளின் பெயரை எழுதினார்: ஊசி ஓட்டை, தையல் விட்டது, அளவு மாறியது, எண்ணெய்க் கறை. பீஸுக்கு ஒரு சாக்பீஸ் கோடு. சனிக்கிழமை பார்த்தால் எண்ணெய்க் கறைக்கு நேரே போட்ட கோடு மட்டும் ஜன்னல் வரைக்கும் ஓடியிருந்தது. தேடினால், இரண்டே ஓவர்லாக் மிஷின்கள் ஒழுகிக்கொண்டிருந்தன. மெக்கானிக் வந்தார், சரிசெய்தார். அடுத்த வாரம் ஆல்டர் கூடையில் பாதிகூட இல்லை. ஊசி ஓட்டை அப்படியேதான் இருந்தது. மாமா அதை அடுத்த மாசம் பார்த்துக்கொண்டார்.

‘அப்போ மீதி வேலையை அப்படியே விட்டுவிடலாமா, ஜிஎஸ்டி யார் கட்டுவது?’ என்று அக்கா அங்கிருந்தே கேட்கிறார். கட்டித்தான் ஆகணுங்க. ஆனால் மிஷின் ஒழுகும்போது முதலாளி நாள் முழுக்க பில் அடுக்கிக்கொண்டிருந்தால், கட்டுவதற்கு வருமானம் எங்கிருந்து வரும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அக்கா சொன்ன ஒன்பதில் இரண்டுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். மீதி ஏழையும் வேண்டுமென்றேதான் விட்டேனுங்க.