போக்கர்ல ஜாக்கி ஜோடியை 7-6 ஜெயிக்குமா? டோர்னமென்ட்ல பலமான கையை எப்படி ஆடணும்?

[திரையில்: இஸ்பேடு ஜாக்கி, டைமன் ஜாக்கி]

உங்க கையில ரெண்டு ஜாக்கி. எதிர்ல இருக்கறவர்கிட்ட ஆட்டின் 7, ஆட்டின் 6. ஃபிளாப்ல, அதாவது நடுவுல எல்லாருக்கும் பொதுவா விழற முதல் மூணு சீட்டுல, ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 3. ரெண்டு பேருமே ஆல்-இன், இருக்கற சிப்ஸ் எல்லாத்தையும் போட்டாச்சு. யாருக்கு ஜெயிக்க வாய்ப்பு அதிகம்? வீடியோவை நிறுத்திட்டு சொல்லுங்க.

அவருக்குத்தான்! எண்ணிப் பாருங்க. மிச்சம் 9 ஆட்டின் இருக்கு, எது வந்தாலும் ஃபிளஷ், அஞ்சும் ஒரே இனம். 10 இல்லன்னா 5 வந்தா ஸ்ட்ரெயிட், வரிசையா அஞ்சு சீட்டு. அதுல ஆட்டினை ஏற்கெனவே எண்ணிட்டதால இன்னும் 6. மொத்தம் 15 சீட்டு, அதுவும் நாலாவது சீட்டு டர்ன், அஞ்சாவது சீட்டு ரிவர்னு ரெண்டு தடவை வரலாம். ஏறக்குறைய 55 சதவீதம் அவர் பக்கம். போக்கர்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது.

இன்னொண்ணு. ஜாக்கி ஜோடி வச்சிருந்தா, ஃபிளாப்ல அதைவிடப் பெரிய ராணி, ராஜா, ஏஸ்ல ஒண்ணாவது விழ 57 சதவீதம் வாய்ப்பு. ராணி ஜோடிக்கு 41, ராஜா ஜோடிக்கு 23. ஏஸ் ஜோடியே எடுத்துக்கோங்க. எதிர்ல ஏதோ ஒரு கையோட ஒருத்தர் இருந்தா ஜெயிக்க 85 சதவீதம், அஞ்சு பேர் இருந்தா கிட்டத்தட்ட 49. அதனாலதான் நல்ல கையை ஒளிச்சு வச்சு சும்மா கால் பண்றதை (அடுத்தவர் போட்ட அளவே போடறதை) நான் ஒத்துக்கவே மாட்டேன். கூட்டத்தை முதல்லயே குறைங்க.

டோர்னமென்ட்ல சிப்ஸ் ரெண்டு மடங்கானா பரிசு ரெண்டு மடங்காகாது, ஆனா சிப்ஸ் போச்சுன்னா ஆட்டமே போச்சு. இது போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: பிளைண்ட் 500/1,000, ஆன்டே 1,000]

பிளைண்ட், ஆன்டே ரெண்டும் ஆடறதுக்கு முன்னாடியே போடற கட்டாயத் தொகை; இங்க ஆன்டே மேசைக்கே ஒண்ணுதான். அதே ஜாக்கி ஜோடி, உங்ககிட்ட 40,000 சிப்ஸ். 2,200க்கு ரெய்ஸ் பண்றீங்க, அதாவது தொகையை ஏத்தறீங்க. பட்டன்ல (ஃபிளாப்புக்கு அப்புறம் கடைசியா ஆடற இடம்) இருக்கறவரும் பெரிய பிளைண்ட் போட்டவரும் கால். பாட்ல, அதாவது நடுவுல சேர்ந்த சிப்ஸ்ல, 8,100. ஃபிளாப் அதே 9, 8, 3, ரெண்டு ஆட்டின். பெரிய பிளைண்ட் செக், எதுவும் போடலை. எவ்வளவு போடுவீங்க?

நிறைய பேர் பாட்ல மூணுல ஒரு பங்கு, 2,700 போடுவாங்க. அங்கதான் தப்பு. அதை கால் பண்ண எதிராளிக்கு 20 சதவீத ஜெயிக்கற வாய்ப்பு இருந்தா போதும். வெறும் ஃபிளஷ் டிரா (ஃபிளஷுக்கு ஒரு சீட்டு பாக்கி) வச்சிருக்கறவருக்கே டர்ன்ல அது விழ 19 சதவீதம் இருக்கு. விழுந்ததும் உங்ககிட்ட இன்னும் கொஞ்சம் கறக்கலாம்னு வேற தெரியும். லாபமான சீட்டை நீங்களே அவர் கையில கொடுக்கறீங்க!

5,400 போடுங்க. இப்ப அவருக்கு 28.6 சதவீதம் வேணும். ஃபிளஷ் டிரா கால் பண்ணலாம், ஆனா விலை கொடுத்துத்தான். கையில 9 வச்சிருக்கறவரும் கால் பண்ணுவார், அதுதான் உங்களுக்கு வர்ற காசு.

ஒருத்தர் கால் பண்ணி டர்ன்ல கிளாவர் 2 வந்தா பாட் 18,900. திரும்பவும் 12,000 போடுங்க, பயந்து செக் பண்ணாதீங்க. டர்ன்ல ஆட்டின் 10 வந்தா கதையே வேற. ஃபிளஷ், ஸ்ட்ரெயிட் ரெண்டும் அமைஞ்சிருக்கலாம். செக் பண்ணுங்க, எதிராளி பெருசா அடிச்சா ஃபோல்ட், சீட்டை விட்டுடுங்க. "இவ்வளவு போட்டுட்டேனே"ன்னு ஒட்டிக்கிட்டு இருக்காதீங்க, போட்டது பாட்டோட சொத்து.

அதே ஜாக்கி ஜோடிக்கு ஃபிளாப்ல 8, 3, 2, மூணும் வேற வேற இனமா வந்தா? இங்க அந்த மூணுல ஒரு பங்கே போதும், துரத்த வழியே கம்மி.

ஏஸ் விழுந்து எதிர்ல ஒரே ஆள்னா, ஒரு சின்ன பெட்டுக்கு கால் பண்ணிப் பாருங்க. ரெண்டு பேர் இருந்து ஒருத்தர் அடிச்சா விட்டுடுங்க.

அதே ஜாக்கி ஜோடியோட, கையில 15 பெரிய பிளைண்ட் அளவு சிப்ஸ்தான் இருக்கா? முன்னாடி ஒருத்தர் ரெய்ஸ் பண்ணியிருந்தா யோசிக்காம ஆல்-இன், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி, கமெண்ட்ல பதில் வேணும். 25 பெரிய பிளைண்ட், உங்ககிட்ட ராணி ஜோடி, பரிசுக்கு இன்னும் ஒரே ஒருத்தர் வெளியேறணும். மேசையிலயே பெரிய ஸ்டாக் (அதிக சிப்ஸ் வச்சிருக்கறவர்) ஆல்-இன், உங்களுக்குப் பின்னாடி ரெண்டு சின்ன ஸ்டாக். கால் பண்ணுவீங்களா? காரணத்தோட எழுதுங்க.